ஆயுத பூஜைக்கு மறுநாள் மூழ்கிய எலுமிச்சை

1

இந்த ஆயுத பூஜையோடு நான் பெங்களூருக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்தது. நாள் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் பூசணிக்காய். திருச்சியிலிருந்து லாரியில் எங்கள் சாமான்கள் வந்து இறங்கிய காலையில், ஜோகுபாளையத்தின் சந்து முனை ஒவ்வொன்றிலும் குங்குமம் தோய்ந்த பூசணிக்காய்த் துண்டுகள் சிதறிக் கிடந்தன. பீரோவின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தவர் அதில் வழுக்கினார். பீரோ பிழைத்தது, அதன் கண்ணாடி பிழைக்கவில்லை. திருச்சியிலும் பூசணிக்காய் உடைக்கிறோம்தான். இங்கே உடைக்கிற வேகமே வேறு. லேத் பட்டறை, பல் மருத்துவமனை, கணினி நிறுவனம், ஏ.டி.எம். என்று எதையும் விடுவதில்லை.

ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் வந்துவிடலாம், இதற்குப் பெயர் புலம்பெயர்வா என்று ஊரில் கேட்கிறார்கள். தூரத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஓசூரைத் தாண்டியதும் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பதினோரு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் மற்றவர்களுடைய எழுத்துப் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். இங்கே வந்ததும், பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டு ஏறினேன். அன்றைக்கு எனக்கு இது வெளிநாடுதான்.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் மனைவியிடம் பெங்களூரைப் பற்றி ஏதாவது குறை சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன். இந்த வருடம் குறை சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தெரு நர்சரிப் பள்ளியில் விஜயதசமியன்று நடந்ததைப் பார்த்ததிலிருந்து, ஊரில் யாருக்காவது எழுதிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது.

2

மனைவிக்கு வங்கியில் மாற்றல் வந்ததால்தான் வந்தோம். நான் வீட்டிலிருந்தபடி, சிறு பிள்ளைகளுக்கான கல்விப் பொருள்கள் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அதன் ஆங்கில அட்டைகளையும் கையேடுகளையும் தமிழில் எழுதித் தருகிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் எல்லாவற்றையும் ஒன்றாக, விளையாட்டாகக் கொடுக்க வேண்டும் என்பது இப்போது இந்த ஊரில் பெரிய பேச்சு. ஆங்கிலத்தில் நான்கின் முதலெழுத்தையும் சேர்த்து ஸ்டெம் என்கிறார்கள். முதலில் கேட்டபோது சிரித்தேன். மூக்கைத் துடைக்கத் தெரியாத பிள்ளைக்குப் பொறியியலா என்று மனைவியிடம் கேட்டேன். அட்டைகளைத் தமிழில் எழுத எழுத அந்தச் சிரிப்பு போய்விட்டது. நிழல் ஏன் சாயங்காலம் நீளமாகிறது, சரிவில் எந்தச் சக்கரம் முதலில் கீழே வரும், எந்தப் பொருள் தண்ணீரில் நிற்கும் என்பதெல்லாம் நான்கு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்கிற கேள்விகள். நாம்தான் ஐந்து வயதில் அவற்றை நிறுத்திவிடுகிறோம்.

என் மகள் இனியாவுக்கு நாலரை வயது. அவள் படிக்கும் நர்சரி எங்கள் வீட்டிலிருந்து நான்காவது கட்டடம். கீழே இரண்டு அறைகளில் பள்ளி, மாடியில் உரிமையாளர் பிரேமா மேடத்தின் வீடு. என் மூலமாக நிறுவனம் அவருக்கு ஒரு ஸ்டெம் பெட்டியைச் சோதனைக்கு என்று கொடுத்தது. உருப்பெருக்கி, காந்தம், பல்சக்கரங்கள், தரையில் வரைந்த கறுப்புக் கோட்டின் மேல் தானாக ஓடும் உள்ளங்கை அளவு ரோபோ. பிரேமா மேடம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார், பூரித்துப் போனார், அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. திருச்சியில் நான் படித்த ஆரம்பப் பள்ளியில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பித்தளைத் தராசு இருந்தது. ஐந்து வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூட அதில் எதையும் வைத்து நிறுத்ததில்லை. பள்ளி ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் அதை வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பார்கள்.

பெட்டி பூட்டிக் கிடந்ததால் எல்.கே.ஜி. ஆசிரியை விமலா வேறு வழி பார்த்தார். ஆற்காட்டுப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். விமலா பிறந்தது, வளர்ந்தது, மணமானது எல்லாம் ஜோகுபாளையத்துக்குள்ளேயே. முப்பது வயதிருக்கும். என்னிடமிருந்த தமிழ் அட்டைகளின் நகலை வாங்கிப் போனார். பழைய பி.வி.சி. குழாயை நெடுக்கில் அறுத்துச் சரிவு செய்தார், புட்டி மூடிகளைச் சக்கரமாக்கினார். தெருவில் தண்ணீர் விடுகிற நாளில் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வந்து, வரிசையில் நிற்கும் குடங்களை விரலால் தட்ட வைத்து, எது நிறைந்தது எது காலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். காலையில் அரை மணி நேரம், பன்னிரண்டு பிள்ளைகள். அந்த அரை மணி நேரம் என் மேசை வரைக்கும் கேட்கும். நான் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலருகே போய் நிற்பேன்.

3

இனியா என்னைவிட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதையும் அந்த ஜன்னலில் நின்றுதான் கவனித்தேன். விளையாட்டில் கன்னடத்தில் எண்ணுகிறாள், சண்டையில் ஆங்கிலத்தில் திட்டுகிறாள், பசித்தால் மட்டும் தமிழ். தூக்கத்தில் அவள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது.

என் கன்னடத்தின் கதை தனி. இத்தனை வருடம் திருச்சிப் பதிவெண்ணோடே ஓடிய ஸ்கூட்டரைப் போன வருடம் கர்நாடகத்துக்கு மாற்ற, ஊரிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள், அதன் நகல், நகலுக்குச் சான்று என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தேன். ஐந்தாவது தடவை, கன்னடத்தில் பேசினால் காரியம் நடக்கும் என்று நம்பி, "நாளெ பந்தெ" என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. நாளைக்கு வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுத்தர் தலையை நிமிர்த்தி, நாளைக்கே வந்துவிட்டவரை இன்றைக்கு எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிப்பதற்கு முன்னால் இனியா சிரித்தாள். அப்பாவின் பிழை அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அதனால்தான் அந்த அரை மணி நேரத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிடிப்பு. தண்ணீரையும் சக்கரத்தையும் பற்றி அவள் வீட்டுக்கு வந்து கேட்கிற கேள்விகளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்கிறோம். குடம் காலியா என்று தட்டிப் பார்க்க மொழி வேண்டியதில்லை.

4

செப்டம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பேசியவர் கலைவாணி. எங்கள் சந்தின் கடைசி வீடு, பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி. விடுதியில் சமையல் வேலை. அவருடைய இரண்டாவது மகள் தீக்ஷா, இனியாவுக்குப் பக்கத்தில் உட்காருபவள். கலைவாணி கையில் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மிஸ். மூணு மாசமா நோட்டுல ஒண்ணுமே இல்ல. வூட்டுக்கு வந்தா கொடத்த தட்டறா, மூடிய உருட்டறா. பெரியவளுக்கு ஒண்ணாங் கிளாஸ் சீட்டு கேக்கப் போனப்ப எழுதச் சொன்னாங்க. எழுத வரல. ரெண்டு ஸ்கூலு வேணான்னுட்டாங்க. அந்த வாசல்ல நான் நின்னது எனக்குத்தான் தெரியும்."

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. இந்தத் தெருவில் பிள்ளை படிக்கிறதா என்பதற்கு இருக்கிற ஒரே சான்று அந்த நோட்டில் போடப்படும் சிவப்பு மை நட்சத்திரம்தான்.

கூட்டம் கலைந்ததும் பிரேமா மேடம் முடிவைச் சொன்னார். விஜயதசமி அன்று புதுச் சேர்க்கைக்குப் பெற்றோர் வருவார்கள், பழைய பெற்றோரும் வருவார்கள். அன்றைக்கு ரோபோவை ஓட விட்டு, பிள்ளைகளைப் பதில் சொல்ல வைத்து எல்லாரையும் திருப்திப்படுத்தினால் சரி. இல்லாவிட்டால் விடுமுறை முடிந்து திங்கட்கிழமையிலிருந்து அந்த வகுப்பு வேறு ஆசிரியைக்கு. நகரத்தின் இன்னொரு பகுதியான அடுகோடியில் ஒருவர் இருக்கிறார், கையெழுத்துப் பயிற்சியில் பெயர் வாங்கியவர், பேசி வைத்தாகிவிட்டது. விமலாவுக்கு வேறு வேலை இருக்குமா என்று கேட்டேன். "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் சார்" என்றார். சொல்ப என்றால் கொஞ்சம்; இந்த ஊரில் அந்தப் பேச்சுக்கு இல்லை என்று அர்த்தம்.

அடுத்த வாரம் ஜன்னலில் நின்று கேட்டபோது சத்தமே மாறியிருந்தது. கூச்சல் இல்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில், கல் மூழ்கும், இலை மிதக்கும், ஆணி மூழ்கும், எலுமிச்சை மிதக்கும் என்று வாய்ப்பாடு போல ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். என் அட்டையில் இருந்த அதே வரிசை. சாயங்காலம் தெருவில் பார்த்தபோது விமலா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என்னா சார் பண்றது. அன்னைக்கு ஒருத்தன் தப்பா சொன்னாலும் போச்சு. பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்துட்டேன். எனக்கே அசிங்கமாத்தான் இருக்குது."

5

ஆயுத பூஜை அன்று பிரேமா மேடம் பீரோவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தின் ஆயுதம் எது? கரும்பலகை, மணி, ஸ்லேட்டுகள், இந்த வருடம் ஸ்டெம் பெட்டி. எல்லாவற்றையும் பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி போட்டு, பொரியும் கடலையும் படைத்தார். காந்தத்துக்கும் குங்குமம், உருப்பெருக்கியின் நடுவில் சந்தனப் பொட்டு. வெளியே அவருடைய கணவர் தன் டெம்போவின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

ரோபோவுக்கும் சக்கரம் இருக்கிறது. அது வண்டிதானே? பிரேமா மேடம் இருப்பதிலேயே சின்னதாக நான்கு எலுமிச்சைகளைப் பொறுக்கி அதன் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். முந்நூறு கிராம் ரோபோவால் எலுமிச்சையை நசுக்க முடியாது. அதனால் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து, கண்ணை மூடி, பக்தியோடு ஓர் அழுத்து அழுத்தினார். நான்கும் நசுங்கின. பக்கத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்த எனக்கும் அதில் தவறாக ஒன்றும் தோன்றவில்லை. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் யாரும் அதை ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

6

விஜயதசமி காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை. புதிதாகச் சேரும் குழந்தைகள் தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கப்பட்டு அழுதுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் சீருடையில், சுவரோரம். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் எதிர்ச் சுவரோரம். கலைவாணி விடுதியில் காலை டிபனை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார், முந்தானையில் தாளித்த வாசனை.

விமலா தரையில் கறுப்புக் கோடு வரைந்த தாளை விரித்தார். பொட்டு வைத்த ரோபோவை அதன் மேல் வைத்து விசையைத் தட்டினார். அது முன்னும் பின்னும் ஒருமுறை நடுங்கியது. நின்றது. மறுபடி தட்டினார். நடுங்கியது, நின்றது.

"அதுக்கும் தசரா லீவு போலக்குது" என்று ஓர் அப்பா சொல்ல, எதிர்ச் சுவர் முழுக்கச் சிரித்தது. பிரேமா மேடம் என்னைப் பார்த்தார், நான்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவன். நான் ரோபோவைக் குப்புறத் திருப்பினேன். கோட்டைப் பார்க்கும் இரண்டு சின்னக் கண்ணாடிகளின் மேலும் எலுமிச்சைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. அச்சில் ஒரு விதை.

சிரிக்காமல் எட்டிப் பார்த்தவள் தீக்ஷா மட்டும்தான். அவள் என் கையிலிருந்ததை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு விமலாவிடம் சொன்னாள்: "மிஸ், அதுக்குக் கண்ணு எரியுது."

நான் நிறைய ஆய்வு அட்டைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரு கோளாறுக்கு இவ்வளவு சரியான காரணத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த அட்டையிலும் பார்த்ததில்லை. ஆனால் அதை அந்தக் கூடத்தில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. ஈரத் துணியால் துடைத்தோம், ஊதினோம். ரோபோ அன்றைக்கு ஓடுவதாக இல்லை.

பிரேமா மேடத்தின் முகம் இறுகிவிட்டது. விமலா இங்குமங்கும் பார்த்தார். கைக்கு எட்டுகிற தூரத்தில் கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீர், பூஜைத் தட்டில் மிச்சமிருந்த எலுமிச்சைகள். வாளியைக் கூடத்தின் நடுவே இழுத்து வைத்தார். ஓர் எலுமிச்சையைத் தூக்கிக் காட்டி, இதைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில், எலுமிச்சை மிதக்கும் என்றார்கள். பெற்றோர் தலையாட்டினார்கள். எங்கள் பக்கம் கடைகளில் கல்லாப்பெட்டி மேல் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் எலுமிச்சை போட்டு வைத்திருப்பார்கள். அது மிதக்கும் வரைக்கும் கடைக்குக் கண்திருஷ்டி இல்லை. மூழ்கினால் திருஷ்டி பட்டுவிட்டது என்று எடுத்துத் தெருவில் எறிவார்கள். இந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

விமலா விரல்களைப் பிரித்தார். எலுமிச்சை நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

அரிசித் தட்டருகே இருந்த ஓர் இளம் தாய் தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். விஜயதசமி, முதல் எழுத்து எழுதுகிற நாள், கண்முன்னால் எலுமிச்சை மூழ்குகிறது. "விமலா, அத எடுத்துடு. ரைம்ஸ் சொல்லவை, சாக்கு" என்று பிரேமா மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும்.

எனக்கு வேறு கவலை. எலுமிச்சை மிதக்கும் என்ற வரி என்னுடையது. ஆங்கில அட்டையில் இருந்த படத்தில் தடித்த தோலோடு, மஞ்சளாக, நீளவாக்கில் ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பழம். நான் எலுமிச்சை என்று எழுதிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டேன். நாளிதழில் ஒரு குக்கிராமத்தின் பெயரில் ரவா றவா என்று உறுதி செய்ய இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டவன், வீட்டுச் சமையலறையில் இருந்த எலுமிச்சையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை.

விமலா வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கையை விட்டு அதை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் ஒரு பாட்டோடு காலை முடிந்திருக்கும். அவர் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

"இது?"

இந்தத் தடவை ஒரே குரல் வரவில்லை. நாலு பேர் மூழ்கும் என்றார்கள், மற்றவர்கள் மிதக்கும் என்றார்கள், ஒருத்தன் இரண்டையும் சொன்னான். இரண்டாவது மிதந்தது. மூன்றாவது மூழ்கியது. நான்காவது மிதந்தது. பிள்ளைகள் சுவரைவிட்டு வாளிக்கு வந்துவிட்டார்கள். வாரக்கணக்கில் ஒப்பித்ததை விட்டுவிட்டு மூன்று மொழியிலும் கத்தினார்கள். நான் ஜன்னலில் நின்று கேட்ட பழைய கூச்சல் அது.

விமலா சுண்ணக்கட்டியால் தரையில் இரண்டு வட்டம் போட்டார். மிதந்தவை இதில், மூழ்கியவை அதில். மொத்தம் ஒன்பது பழம். ஐந்து மிதந்தன, நான்கு மூழ்கின. பிறகு பழங்களைக் கைக்குக் கை மாற்றிப் பார்க்கச் சொல்லி, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நிறம் என்றான் ஒருவன். மூழ்கியதில் ஒன்று பச்சை, மூன்று மஞ்சள், ஆகவே நிறம் இல்லை. குண்டு என்றாள் இன்னொருத்தி. ஒரு குண்டுப் பழம் மிதந்திருந்தது. இனியா இரண்டு கையிலும் ஒவ்வொன்றை வைத்து அமுக்கினாள். "இது சாஃப்ட். தோலு மெல்லிசா இருக்கு. அது கெட்டித் தோலு" என்றாள், தமிழில். விமலா இரண்டையும் குறுக்கே வெட்டிக் காட்டினார். மிதந்ததின் தோல் தடிப்பாக, பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. மூழ்கியதின் தோல் காகிதம் போல, உள்ளே முழுக்கச் சாறு.

எதிர்ச் சுவரிலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. டெம்போக்காரர் கூட வாசலில் வந்து நின்றார். இளம் தாயின் இடுப்பிலிருந்த குழந்தை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை, முழங்கை வரைக்கும் வாளிக்குள் இருந்தது.

அப்போது கலைவாணி பேசினார்.

"மிஸ், மூழ்கினதும் மேல வரும். உப்பு பத்தல."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் எல்லாப் பழமும் மேலே வந்துவிடும், அதை அமுக்கி வைக்க மேலே தட்டு வைத்து அதன்மேல் கல் வைப்பேன், வாரா வாரம் செய்கிறேன் என்று சொன்னார். எவ்வளவு உப்பு என்று விமலா கேட்டார். "கை அளவுதான். யாரு அளந்து போட்டா?" என்றார்.

பிரேமா மேடம் மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் கல் உப்பு ஜாடி இருந்தது.

வெட்டியது போக, மூழ்கிய மூன்று பழங்கள் வாளியின் அடியில். ஒரு பிள்ளைக்கு ஒரு பிடி உப்பு. போட்டதும் விமலா கரண்டியால் கலக்கினார், எல்லாரும் எண்ணினார்கள். ஒந்து, ரெண்டு, த்ரீ என்று எண்ணிக்கை மொழிவிட்டு மொழி தாவியது. ஆறு பிடி வரை ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவதில் ஒரு பழம் அடியைவிட்டு லேசாக எழுந்து, யோசித்து, மறுபடி உட்கார்ந்தது. எட்டாவதில் அது எழுந்தது, வரவில்லை வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே வந்து தலை காட்டியது. பெரியவர்கள்தான் முதலில் கத்தினார்கள். ஒன்பதாவதில் இரண்டாவது பழம். பதினொன்றாவது பிடி தீக்ஷாவுடையது. அவளுடைய பிடியில் கடைசிப் பழமும் வந்தது.

நாற்பத்தாறு வயதில், ஒரு வாளிக்கு முன்னால், நான் கைதட்டினேன்.

சத்தம் அடங்கியதும் கலைவாணி மகளின் நோட்டைப் பையிலிருந்து எடுத்தார். அன்றைக்கும் அதைக் கொண்டுவந்திருந்தார். விமலாவிடம் நீட்டினார்.

"எழுத வையுங்க மிஸ். எழுதாம எந்த ஸ்கூலுலயும் சேத்துக்க மாட்டாங்க. ஆனா இத்த எழுத வையுங்க."

தீக்ஷா அங்கேயே தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். நடுவில் ஒரு கோடு, அது தண்ணீர். கோட்டுக்கு மேல் ஐந்து வட்டம், கீழே நான்கு. பக்கத்தில் 5, 4. அடியில் 9, திரும்பிக்கொண்டு நின்றது. விமலா சிவப்பு மையை எடுக்கவில்லை. கலைவாணி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு நோட்டைத் தானே மூடி வைத்துக்கொண்டார்.

பிரேமா மேடம் அன்றைக்குத் தன் முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சேர்க்கைப் படிவங்களை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

7

அன்று மத்தியானமே நிறுவனத்துக்கு எழுதினேன். இருபத்து மூன்றாம் எண் அட்டையில் என் பிழை இருக்கிறது, எலுமிச்சைக்கு எதிரில் உள்ள பதிலை எடுத்துவிட்டு, போட்டுப் பாருங்கள் என்று மட்டும் அச்சிடுங்கள் என்று கேட்டேன். பிறகு யோசித்து, அந்த அட்டையில் உள்ள எல்லாப் பதில்களையும் எடுத்துவிடலாம் என்று இன்னொரு கடிதம் எழுதினேன். பதிலே இல்லாமல் எப்படி அச்சிடுவது என்று கேட்டு அங்கிருந்து கடிதம் வந்திருக்கிறது. விவாதம் நடக்கிறது.

திங்கட்கிழமை வரைக்கும் விமலாவுக்குத் தகவல் இல்லை. ஞாயிறு சாயங்காலம் மார்க்கெட்டில் பார்த்தபோது, போகட்டுமா வேண்டாமா என்று தெரியாமலே புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். நான் தைரியம் சொல்லவில்லை. பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டரைக்கு இனியாவை அழைத்துப் போனேன். பள்ளி வாசலில் விமலா நின்றிருந்தார், உள்ளே போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் பெரிய பையோடு, நேர்த்தியாகத் தலை வாரிய இன்னொரு பெண். அடுகோடி ஆசிரியை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லார் கையிலும் ஏதோ இருந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, அம்மாவின் பிளாஸ்டிக் வளையல், வீட்டுச் சாவி, பாதி தின்ற இட்லி. யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை.

பிரேமா மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அந்தக் கைகளை வரிசையாகப் பார்த்தார். சாவி வைத்திருந்தவனிடம், வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டார்களா என்று கேட்டார். பிறகு அடுகோடி ஆசிரியையிடம் திரும்பினார்.

"நீங்க உள் ரூம் நோடிக்கோங்கம்மா. புதுசா சேந்த ஏழு பேரு, அழுவாங்க, பாத்துக்கோங்க. விமலா கிளாஸ் விமலாக்கே." விமலாவைப் பார்த்து, அதே குரலில், "தினம் ஒரு பக்கம் எழுத வைக்கணும். கலைவாணி சொன்ன மாதிரி. வாளிய நான் ரொப்பிட்டேன்" என்றார்.

விமலா செருப்பைக் கழற்றினார். வார் அவிழ நேரம் பிடித்தது.

நான் கிளம்பியிருக்க வேண்டும், பத்து மணிக்கு முன் அனுப்ப வேண்டிய வேலை இருந்தது. அப்போது ஓர் அப்பா, ஆட்டோவின் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, மகன் வீட்டில் மறந்துவிட்டு வந்ததை ஓடிவந்து கொடுத்தார். பெரிய, பச்சை நிற பெங்களூர் கத்திரிக்காய், அதாவது சௌசௌ. என்னைப் பார்த்து, "சார், இது மெதக்குமா, மூழ்குமா? காலைலேர்ந்து வூட்ல சண்டை" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். கூட்டில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன், தண்ணீரில் போட்டதில்லை.

இரண்டு பேரும் வகுப்பறைக் கதவருகே போனோம். விமலா அந்தக் காயை வாளிக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மிதக்கும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். இனியாவும் தீக்ஷாவும் தூக்கினார்கள். உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்த அடுகோடி ஆசிரியை தூக்கினார். வெளியே ஆட்டோவின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நானும் தூக்கினேன்.